ஓரேர் உழவனைத் தப்பாகப் படித்த கதை

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். திருப்புதல் தேர்வில் தமிழில் 94 வாங்கியிருக்கிறாள் என்று அக்கா விடைத்தாளையே படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எனக்கு மார்க்கைவிட மற்றவர்கள் எழுதிய விடைத்தாளைப் படிப்பதில்தான் ருசி அதிகம், அதனால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு கேள்வி, 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்ற குறளில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக. முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: உவமையை மட்டும் சொல்லிப் பொருளைப் பெற வைப்பது பிறிது மொழிதல் அணி, மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். முழு மதிப்பெண்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது சும்மா கேட்டேன், "அச்சுன்னா என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "பிரிண்ட்." என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "இல்ல இல்ல, முறுக்கு அச்சு?"

சிரித்துவிட்டேன், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வரத்தான் செய்யும். அவள் ஏறிய வண்டியெல்லாம் ஸ்கூட்டர், கார், ஸ்கூல் வேன். எதிலும் அச்சு கண்ணில் படாது. இரண்டு சக்கரங்களையும் கோத்துக்கொண்டு அடியில் ஒரு கட்டை குறுக்கே போகும், முழுப் பாரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும், அது மடிந்தால் நடுரோட்டில் வண்டி அப்படியே படுத்துவிடும் என்பதைப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்தக் குறளில் மயிலிறகு எவ்வளவு பயங்கரமான சரக்கு என்று தெரியும். அவளுக்குத் தெரிந்தது அணியின் பெயர். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவளைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. நான் செய்தது இதைவிட மோசம், அதுவும் அச்சில் வந்தது (பிரிண்ட் அச்சுதான்).

பல வருடங்களுக்கு முன்னால் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். பத்துக்கு எட்டு அறை, இரண்டு கட்டில், கொடியில் எப்போதும் காயாத துணி. அந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறுபத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். இளமை, தனிமை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று உருகி உருகி எழுதிவிட்டு, கடைசியில் கொஞ்சம் கனம் சேர்க்கலாம் என்று குறுந்தொகையிலிருந்து 131-ஆவது பாட்டை எடுத்து வைத்தேன். வேலையாகப் பிரிந்து போனவன் காதலியை நினைத்துச் சொல்வது. அவள் இருக்கும் ஊர் நெடுந்தூரம், வழியோ கடினம், என் நெஞ்சு 'ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போலப் பெருவிதுப்பு உற்றன்று' என்கிறான். கடைசிச் சொல் 'நோகோ யானே'. நான் என்ன புரிந்துகொண்டேன் என்றால், பரந்த வயல், ஒரே ஒரு ஏர், ஒற்றை மனிதன், தொடுவானம், தனிமை. 'வெட்டவெளியில் ஒற்றை ஏரோடு உறைந்து நிற்கும் அந்தச் சங்க கால உழவன் இன்று மேன்ஷன் மொட்டை மாடியில் சிகரெட்டோடு நிற்கிறான்' என்று முடித்திருந்தேன். இப்போது படித்தால் காது மடல் சூடாகிறது. அன்று நண்பர்கள் பாராட்டினார்கள்.

ஊரில் சித்தப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி விவசாயம், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற மனிதர். ஒரு வாரம் கழித்துப் பேசினார்.

"ஏய்யா, நீ எழுதுனதப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒத்த ஏர்க்காரன் எதுக்குய்யா சோகமா நிக்கான்? அவனுக்கு நிக்க நேரம் ஏது?"

எனக்குப் புரியவில்லை. தனியாக இருக்கிறான் இல்லையா என்று இழுத்தேன்.

"தனியா இருந்தா என்ன? ஏர் ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லுதான். மழ பேஞ்சிருக்குன்னு சொல்லுதான். அப்ப என்ன செய்வான்?"

அதன்பிறகு அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவில் என் வார்த்தைகளில் சொல்கிறேன். மானாவாரி நிலத்தில் மழை பெய்த உடனே இறங்கி உழுதுவிட முடியாது, முக்கியமாகக் கரிசலில். ஈரம் அதிகமாக இருந்தால் மண் கொழுவில் அப்பிக்கொண்டு மாட்டை இழுக்க விடாது. சரி, காயட்டும் என்று விட்டால் வெயில் அடித்து இறுகி, உழுதால் பாறை பாறையாகக் கட்டி பெயரும், விதை போட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மண் பொலபொலவென்று விட்டுக்கொடுக்கிற ஒரு நிலைமை வரும். அதற்குப் பெயர் பதம். அது சில நாள்தான் நிற்கும், காற்றும் வெயிலும் சேர்ந்தால் அதுவும் இல்லை. ஒரு சோடி மாடு ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் உழுதாலே பெரிய காரியம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவனிடம் ஒரே ஒரு ஏர் இருந்தால் அவன் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடுவான், சாப்பாடு வரப்பில்தான், மாடு படுத்தால் அவனும் படுத்த மாதிரி.

"பக்கத்து வீட்ல ஏர் கடன் வாங்கலாமே" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எவன்யா ஏர் குடுப்பான்? அவனுக்கும் அதே மழதான பேஞ்சிருக்கு."

இந்தப் பதிலைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டின் மொத்தக் கொதிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் என்பதால் யாரும் யாருக்கும் உதவ முடியாது, ஈரம் நிமிஷத்துக்கு நிமிஷம் போய்க்கொண்டிருக்கிறது. அவள் இருக்கும் ஊர் தூரம், இவனிடம் இருப்பது ஒரு உடம்பு, ஒரு வழி, போய்ச் சேருவதற்குள் பதம் தப்பிவிடுமோ என்ற பதைப்பு. 'செவ்வி' என்று பாட்டில் ஒரு சொல் இருக்கிறதே, அதை நான் 'அழகு' என்று எடுத்துக்கொண்டு தாண்டியிருந்தேன். அது சரியான பொழுது, பருவம். சித்தப்பா சொன்ன பதம்தான் அது. பாட்டுக்காரன் புனம் என்கிறான், அது கரிசலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மழையை நம்பிய மேட்டு நிலம் என்பது போதும். 'விதுப்பு' என்பதையும் ஏதோ வருத்தம் என்று விட்டிருந்தேன். விரைவு, துடிப்பு, வேட்கையில் வரும் நடுக்கம். திருக்குறளில் 118-ஆவது அதிகாரத்துக்குப் பெயரே கண்விதுப்பழிதல், பார்க்க வேண்டும் என்று கண் பரபரத்து அழிவது. பள்ளிக்கூடத்தில் அதிகாரப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தவன்தான் நான். ஒன்றும் உபயோகப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சூத்திரமும் எனக்கு மனப்பாடம். 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று தொல்காப்பிய உவமவியலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றை இன்னொன்றுக்கு உவமை சொன்னால் ஒப்புமை நான்கு இடங்களில் இருக்கலாம். புலி போலப் பாய்ந்தான் என்றால் பாய்ச்சலில் ஒற்றுமை, அது வினை. மாரி போலக் கொடுத்தான் என்றால் கிடைக்கும் பலனில், அது பயன். துடி போன்ற இடை, வடிவத்தில், மெய். பவளம் போன்ற வாய், நிறத்தில், உரு. இதைப் பரீட்சைக்கு நான்கு வகை, நான்கு எடுத்துக்காட்டு என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். படிக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக யாரும் சொல்லித்தரவில்லை, அல்லது சொல்லித்தந்த அன்று நான் போகவில்லை. ஓரேர் உழவன் எதில் ஒப்பு? வினையில், அவனுடைய ஓட்டத்தில். நான் மெய்யைப் பார்த்தேன். தூரத்திலிருந்து தெரிகிற உருவரையை, ஒரு போட்டோவைப் பார்க்கிற மாதிரி. போட்டோவில் ஓடுகிறவனும் நிற்கத்தான் செய்வான்.

அந்தப் பாட்டை எழுதியவர் பெயர் தெரியாது. ஓரேருழவனார் என்று அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையில் மட்டும் இப்படிப் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இதில் செம்புலப்பெயனீரார் இன்று கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டதால் அவரை விட்டுவிடுகிறேன், அவருக்கு விளம்பரம் தேவையில்லை. எனக்குப் பிடித்தவர் குப்பைக் கோழியார், 305. காமத்தில் தவிக்கும் பெண் சொல்கிறாள்: நாமாகப் போய் அவனைச் சேரவும் முடியாது, அவன் வந்து துன்பத்தைத் தீர்க்கவும் மாட்டான், குப்பைக் கோழித் தனிப்போர் போல, தானாக முடிந்தால்தான் உண்டு, விலக்கிவிட ஆள் இல்லை. சேவற்கட்டு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று ஏறும். அங்கே ஒவ்வொரு சேவலுக்கும் ஆள் உண்டு, ஏவிவிட, தூக்கிவிட, தண்ணீர் தெளிக்க, சுற்றிக் கூட்டம் நின்று சத்தம் போட. குப்பைமேட்டில் இரண்டு கோழி சண்டை போட்டால் யாருக்கும் தெரியாது, மூட்டிவிட்டவனும் இல்லை, பிரித்துவிடுபவனும் இல்லை, ஒன்று களைத்து விழுகிற வரைக்கும் போகும். ஒரு பெண் தன் ஆசையைச் சொல்ல முழுநிலவு, தாமரையையெல்லாம் தள்ளிவிட்டுக் குப்பைமேட்டுக்குப் போயிருக்கிறாள். எவ்வளவு தைரியம் வேண்டும்! இதைப் படித்த பிறகுதான் நான் எழுதும் 'கடல் போல் திரண்ட கூட்டம்', 'சிறகடித்துப் பறந்த மனம்' எல்லாம் எனக்கே அலுத்தது. அவற்றில் கடலும் இல்லை, சிறகும் இல்லை. எழுதுகிறவனும் பார்ப்பதில்லை, படிக்கிறவனும் பார்ப்பதில்லை, இரண்டு பேரும் ஒரு மரியாதைக்குக் கும்பிட்டுவிட்டுக் கடந்து போகிறோம்.

ஆனால் எல்லா உருவகத்தையும் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கவும் முடியாது. ஊசிக்குக் காது இருக்கிறது, தேங்காய்க்குக் கண் இருக்கிறது, பானைக்கு வாயும் கழுத்தும், ஏருக்குக்கூடக் கால். இவையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பார்த்து 'அட' என்று சொன்னவை, இன்று வெறும் பெயர். வெளியிலிருந்து வரும்போதுதான் அவை உருவகம் என்பதே தெரிகிறது. ஆங்கிலத்தில் ஊசிக்கு இருப்பது கண். விவிலியத்தைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் ஒட்டகத்தை ஊசியின் காதிலே நுழையச் சொன்னார்கள். இப்போது இயந்திரத்தில் போட்டு எடுக்கிற சில மொழிபெயர்ப்புகளில் ஊசிக்குக் கண் முளைத்திருப்பதைப் பார்க்கிறேன். குளிர்ச்சி, சூடு சமாச்சாரமும் அப்படித்தான். நமக்கு நல்ல சேதி கேட்டால் மனசு குளிரும், பிள்ளை நன்றாக இருந்தால் பெற்ற வயிறு குளிரும், விளக்கைக்கூட அணைக்காமல் குளிர வைப்போம். யாராவது எனக்குக் 'கதகதப்பான வரவேற்பு' கொடுத்தால் மே மாதத்தில் நான் திரும்பிப் போய்விடுவேன்.

சொல்லப்போனால் படிப்பதில் தப்புச் செய்வதால் பெரிய நஷ்டம் இல்லை. பேச்சில் வேறு மாதிரி ஆகிவிடும். தாத்தா இறந்த மூன்றாம் நாள் நடந்தது இது.

எங்கள் ஆச்சி பேசுவதெல்லாம் அணியோடுதான். முழங்கால் வலித்தால் "உசுரு போகுது". பேரன் காலையில் சாப்பிடாமல் கிளம்பினால் "என் ஈரக்கொலையே அத்துப் போச்சு". கேஸ் சிலிண்டர் விலை ஏறினால் வயிறு எரியும். அவள் வாயில் உடம்பின் உறுப்புகள் எல்லாமே ஏதோ ஒரு துக்கத்தின் பெயர்களாக இருந்தன, நாங்களும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தோம். தாத்தா போனதும் ஆச்சி திண்ணையில் தூணில் சாய்ந்தபடி, "நெஞ்சை அடைக்குய்யா" என்றாள். அடைக்காதா பின்னே, அறுபது வருஷம் கூட வாழ்ந்தவர். வந்திருந்த பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாளும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, 'காலம் எல்லாத்தையும் ஆத்தும் ஆச்சி' என்று ஒரு வசனம்கூடப் பேசினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, இடது தோள் வரை வலி என்று சொன்னபோதுதான் என் அத்தை, அவள் நர்ஸ், "அடப்பாவிகளா, நிஜமாவே அடைக்குது" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டாள், அதன்பிறகு ஏழு வருஷம் இருந்தாள்.

அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. அவள் நேராகத்தான் சொன்னாள். வாழ்நாள் முழுக்க உருவகமாகப் பேசியவள் ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னபோது எங்களுக்குக் காது கேட்கவில்லை. இதற்கு எந்தச் சூத்திரத்தைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையால் எப்படி முடிந்தது என்றால் அவள் வார்த்தையைக் கேட்கவில்லை, ஆச்சியின் நெற்றியைப் பார்த்தாள், கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். சித்தப்பா அந்தப் பாட்டில் மண்ணைப் பார்த்த மாதிரி.

சரி, அக்கா மகளிடம் வருவோம். முறுக்கு அச்சுக் கோபம் தணிந்த பிறகு ஓரேர் உழவன் கதையைச் சொன்னேன், என் அசட்டுக் கட்டுரையையும் சேர்த்து. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கணக்கு நேராகிவிட்டது. பிறகு, "இது தட்கல் டிக்கெட் மாதிரி இல்ல மாமா? பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல அமுக்குவாங்க, நம்மகிட்ட ஒரு போன்தான் இருக்கும்."

நல்ல முயற்சி. ஆனால் எனக்கு ஒப்பவில்லை, சொன்னேன். தட்கலில் உன் சீட்டை இன்னொருவன் கொண்டுபோகிறான், அது போட்டி. ஓரேர் உழவனின் வயலை யாரும் பிடுங்கப் போவதில்லை, அது அவன் வயல்தான், நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஈரம்தான் இருக்காது. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"மிக்ஜாம் புயல்."

"என்ன?"

2023 டிசம்பரில் வேளச்சேரிப் பக்கம் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் போய் நாள் கணக்கில் வரவில்லை. அவள் அப்பா வேலையாகப் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அக்காவின் போன் ஏற்கெனவே அணைந்துவிட்டது, இவள் கையில் இருந்த போனில் நாலு சதவீதம். சிக்னல் வேறு வந்து வந்து போகிறது. "அப்பாக்கு நாங்க நல்லா இருக்கோம்னு ஒரு மெசேஜ் போகணும். மொட்டை மாடிக்கு ஓடுறேன், நாலு மூணாச்சு. மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு, போக மாட்டேங்குது. மூணு ரெண்டாச்சு. பக்கத்து வீட்ல பவர் பேங்க் கேக்கலாம்னா அவங்களுக்கும் அதே நிலைமைதானே? எல்லார் வீட்லயும்தானே கரண்ட் போச்சு?"

அவனுக்கும் அதே மழைதானே பெய்திருக்கிறது. சித்தப்பா சொன்ன வாக்கியத்தை நான் அவளிடம் சொல்லியிருந்தேனா என்று யோசித்தேன். இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன், நிச்சயமாக. அவளாகவே வந்து சேர்ந்திருக்கிறாள். சார்ஜ் ஈரம், மெசேஜ் உழவு, அப்பா தூரத்தில் இருக்கிற ஊர். மெய்யில் ஒன்றுமே பொருந்தாது, ஏருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம், ஆனால் வினை அப்படியே ஒட்டுகிறது.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டு அவளையே பேசச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டோம். முழுக் கதையையும் கேட்டார், நடுவில் 'ம்' கொட்டினார். முடிந்ததும், "சரியாச் சொல்லுதம்மா, அதேதான்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஏம்மா, உங்க பில்டிங்ல ஒருத்தர்கிட்டகூடவா பவர் பேங்க் இல்ல?"

இவள் யோசித்துவிட்டு, "மூணாவது மாடில ஜெனரேட்டரே இருந்துச்சு தாத்தா. அவங்க வீட்ல லைட்டு எரிஞ்சுச்சு. நாங்க போய்க் கேக்கல."

சித்தப்பா சிரித்தார். "எங்க ஊர்லயும் ஆறு ஏர் வச்சிருந்தவரு ஒருத்தர் இருந்தாரு. மழ விட்டு பதம் வந்த மொத நாளே அவருக்கு எல்லாம் முடிஞ்சிரும். நாங்க உழுதுட்டு இருப்போம், அவரு ஆளுங்க கம்மாய்ல மாட்டக் குளுப்பாட்டிட்டு இருப்பாங்க."

"நீங்க போய்க் கேட்டீங்களா தாத்தா?"

"கேக்கல."